ஆடு மேய்ந்த மல்லிகை

உள்ளூர் லஹஜ் அல்வாவை விரலால் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே சம்பந்தியம்மாள் நூரியா அதைச் சொன்னாள். நிச்சயத்துக்கு வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் மெல்வதை நிறுத்திவிட்டார்கள்.

"பூவைப் பத்திக் கவலையே படாதீங்க. ஜனவரியில உங்க பக்கம் மல்லிகை ஏது? நாங்க ஏடன்ல பிளாஸ்டிக் பூவுக்குச் சொல்லிட்டோம். ஜரிகையெல்லாம் வச்சு ஜொலிஜொலின்னு இருக்கும். வாடவும் வாடாது."

பெண்ணைப் பெற்ற கபூல், ஏலக்காய்த் தேநீர்த் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஏடனில் எந்தப் பெண்ணின் தலை மணத்தாலும் அது இந்தத் துபன் ஓடைக்கரையில் பறித்த பூவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை நிறையக் குண்டுமல்லி வைத்திருக்கிறவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி பிளாஸ்டிக் என்கிறாள்.

"பிளாஸ்டிக்கா?" என்றாள் கபூல். "என் மக கழுத்துலயா?"

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. வஜ்திக்குக் கப்பல்ல லீவு கிடைக்கிறதே ஜனவரியிலதான். அவன் என்ன பண்ணுவான், பூதான் என்ன பண்ணும்?"

கபூல் தட்டைக் கீழே வைத்தாள். கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

"கேட்டுக்கங்க. கல்யாணத்தன்னிக்கு என் மக தலையில மட்டும் இல்ல, அந்த மண்டபத்துக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளை தலையிலயும் என் தோட்டத்துப் பூதான் இருக்கும். வெளியில இருந்து ஒரு மொக்குகூட வாங்க மாட்டேன்."

"ஜனவரியிலயா?"

"ஜனவரியிலதான்!"

மூலையில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு தவ்லா மூக்கால் சிரித்தாள். தவ்லாவுக்கு ஆடுகள் உண்டு. ஆடுகளுக்குக்கூட அவள் வாய்க்குப் பயம். "நூரியா, நீங்க இவளைத் தெரியாம பேசிட்டீங்க. இவ செடி முன்னாடி நின்னு 'பூடி'ன்னு ஒரு அதட்டு போட்டா, அது பயத்துலயே பூத்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். கபூலும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜனவரிக்கு எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினாள். மணப்பெண் அஃப்ரா உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

கபூலின் கணவன் ஃபத்ல், ஹவ்தாவுக்கும் ஏடனின் ஷேக் உஸ்மான் பகுதிக்கும் இடையே வேன் ஓட்டுகிறவன். விருந்தாளிகள் போனபிறகு விஷயத்தைக் கேட்டதும், கன்னத்தில் அடக்கியிருந்த காத் இலையைக்கூட மெல்லாமல் அவளையே பார்த்தான்.

"குளிர்ல பூக்க வைக்கணும்னா செடியை வதைக்கணுமே, கபூல்."

"வதைக்கத்தான் போறேன்."

அது அவளுக்குத் தெரிந்த வித்தைதான். மல்லிகை சுகமாக இருந்தால் இலையாக விட்டுத் தள்ளும். அதைத் தாகத்தில் போட வேண்டும். இலை துவண்டு, மஞ்சளாகி, செடி 'செத்தேன்' என்று நினைக்கிற நேரம் பார்த்து ஒட்ட வெட்டிவிட்டு, எருவைக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். புதுக்கிளை வரும், புதுக்கிளையில்தான் மொட்டு. காயாத செடியை வெட்டினாலோ, மறுபடி தழைக்குமே தவிர மொட்டு வைக்காது. வெயில் காலத்துப் பூவுக்கு இதை எல்லோரும்தான் செய்கிறார்கள். குளிர்காலப் பூவுக்கு யாரும் செய்து பார்த்ததில்லை. ஆனால் லஹஜ் குளிரென்ன குளிரா? போர்வை ஒன்று அதிகம், அவ்வளவுதான். செடிக்கு மட்டும் அது தெரியவா போகிறது என்று கபூல் கணக்குப் போட்டாள்.

அக்டோபர் பாதியில் வெயில் கொஞ்சம் தணிந்ததும் கிணற்று மோட்டாரை நிறுத்தினாள். மல்லிகைப் பாத்திக்குப் போகிற வாய்க்காலை மண்ணால் அடைத்தாள். தினமும் காலையில் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போய்ச் செடிகளை முறைத்துப் பார்ப்பாள். செடிகள் பச்சைப்பசேலென்று அவளைத் திருப்பிப் பார்க்கும்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. பக்கத்துப் பாத்தியில் துளசிச் செடிகூடக் கருகிவிட்டது. இவளுடைய மல்லிகையில் ஓர் இலை துவளவில்லை. கிளைகள் கொழுகொழுவென்று நீண்டுகொண்டே போயின.

"எதைக் குடிச்சுட்டு இதுங்க இப்படி நிக்குதுங்க?" என்று வேலிக்கு மேலாகத் தவ்லாவிடம் புலம்பினாள்.

"உன் திமிரு வேர்ல இறங்கியிருக்கும்டி. அது ஊறிட்டே இருக்குமில்ல, வத்தவா போகுது?"

"வாயைக் கழுவு. நவம்பர் வந்துடுச்சு. இப்ப வெட்டலேன்னா எப்ப மொட்டு வைக்கும்?"

"அந்த நூரியாகிட்ட போன் பண்ணி எனக்கும் ஒரு பிளாஸ்டிக் மாலை சொல்லிடு. செவப்புக் கலர்ல."

கபூல் வெடுக்கென்று திரும்பி நடந்தாள். காது சூடேறிக் கிடந்தது.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்த நேரம். சோறு ஆறுகிறதே, ஃபத்லின் வேனைக் காணோமே என்று வாசலுக்கு வந்தவள், பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் வேனின் வால் மட்டும் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஆள் இல்லை. கொல்லைப் பக்கமிருந்து மட்டும் ஒரு குரல். குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி கொஞ்சுகிற குரல்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவர் ஓரமாகப் போனாள்.

ஃபத்ல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேனுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நீலக் கேனைச் சாய்த்து ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஊற்றிக்கொண்டிருந்தான். "குடிங்க கண்ணுங்களா. உங்கம்மாவுக்குக் கோவம். அவ அப்படித்தான். மனசு தங்கம். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கங்க, நான் இருக்கேன்ல..."

"அஃப்ரா வாப்பா!"

புருஷனை அவள் கூப்பிடுகிற பேர் அது. கேன் எகிறி விழுந்தது. அடிபட்டவன் மாதிரி துள்ளித் திரும்பினான் ஃபத்ல்.

"கபூல், நான் சும்மா... வண்டி இஞ்சின் சூடாகிடுச்சு, அதான்..."

"இஞ்சினுக்கா ஊத்துறீங்க? இதுதான் இஞ்சினா? எத்தனை நாளா நடக்குது?"

"பாவமா இருக்குடி. வாயில்லா ஜீவன். தாகத்துல துவண்டா என்னால பார்க்க முடியலை."

"என் மக பிளாஸ்டிக்கைக் கழுத்துல போட்டுட்டு நிக்கிறதைப் பார்க்க முடியுமா உங்களால?"

அவன் பிடித்தான் ஓட்டம். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலுக்கு அவன் ஓட, வெறுங்காலோடு அவள் துரத்த, அங்கே ஆரம்பித்த சண்டை அந்தத் தெருவில் வெகுநாளாக யாரும் பார்க்காத சண்டை. கபூல் குரலெடுத்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஜன்னல்கள் திறந்தன. அடுப்பில் ரொட்டியைப் போட்டவர்கள் போட்டபடி வந்தார்கள். தவ்லா ஓடையோரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள், குச்சியைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து முன்வரிசையில் நின்றாள்.

"என்ன பண்ணினான்? ரெண்டாங் கல்யாணமா?"

"அதைவிட மோசம்! தண்ணி ஊத்தினாரு!"

"யாருக்கு?"

"செடிக்கு!"

தவ்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஃபத்லே சிரித்துவிட, அதைப் பார்த்துக் கபூலுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. அவள் அஃப்ராவை இழுத்துச் சாட்சி சொல்லச் சொன்னாள். அஃப்ரா, "உம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க, உள்ள வாங்க" என்று கெஞ்சினாள். இப்படியே பொழுது போனது. கடைசியில் அஃப்ராதான் திடீரென்று கையைத் தூக்கினாள்.

"சத்தம் போடாதீங்க. அது என்ன மணிச் சத்தம்?"

கொல்லையிலிருந்து கழுத்து மணிகள் கேட்டன. சாவகாசமான, நிறைந்த வயிற்று மணிச் சத்தம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். படல் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே தவ்லாவின் மந்தை மொத்தமும் நின்றது. குட்டிகள் பாத்திக்குள் ஏறி நின்றன. தாடி வைத்த கிழக் கிடா கடைசிச் செடியின் நுனிக்கிளையைப் பின்னங்காலில் நின்று வளைத்துத் தின்றுகொண்டிருந்தது. இலை என்று சொல்ல அந்தக் கொல்லையில் ஒன்றும் மிச்சமில்லை. குச்சிகள். வரிசை வரிசையாக, நட்டுவைத்த துடைப்பங்கள் மாதிரி, வெறும் குச்சிகள்.

கபூல் போய் ஒரு குச்சியைத் தொட்டாள். முறிந்த நுனியில் ஆட்டு எச்சில் ஈரமாக இருந்தது.

"கபூல்..." என்றாள் தவ்லா. முதல் தடவையாக அவள் குரலில் குத்தல் இல்லை. "சத்தியமா நான் வேணும்னு..."

"போ."

"அடியே, சண்டை பார்க்கிற ஆசையில..."

"உன் ஆட்டையும் கூட்டிட்டுப் போ. இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

தவ்லா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஃபத்ல் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படலை மூடாமல் ஓடிவந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் படலுக்கு வெளியே ஒரு மலை நின்றது. ஆட்டுப் புழுக்கை. கழுதை வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தவ்லாவின் தலைத்துணி தெரிந்தது. கபூலிடம் பேசக் கூடாது என்பதால் அவள் ஆகாயத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள்.

"என் ஆடு தின்னதைத் திருப்பிக் குடுத்துட்டேன். பழைய எருதான், சுடாது. வேணும்னா போட்டுக்கட்டும், வேணாம்னா விட்டுடட்டும்."

கபூல் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மலையைப் பார்த்தாள். பிறகு குச்சிகளைப் பார்த்தாள். திடுமென்று ஒரு நினைப்பு வந்தது. இலையை உருவுவது, கிளையை ஒட்ட வெட்டுவது. அவள் கத்தரியைச் செருகிக்கொண்டு காத்திருந்ததும் இதற்காகத்தானே? காயவில்லைதான். இந்த அளவுக்கு வெட்ட அவளுக்கே கை வந்திருக்காதுதான். ஆனாலும், செடி 'செத்தேன்' என்று நினைக்க இது போதாதா?

"அஃப்ரா வாப்பா!" என்று கத்தினாள்.

ஃபத்ல் நடுங்கிக்கொண்டே வந்தான்.

"மம்பட்டியை எடுங்க. புழுக்கையை அள்ளிப் பாத்தியில கொட்டுங்க. மோட்டாரைப் போடுங்க. உங்களுக்குத் தண்ணி ஊத்தத்தானே ஆசை? ஊத்துங்க. நானே போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்துங்க!"

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாய்க்கால் மண்ணை உடைத்ததும் தண்ணீர் புழுக்கையைப் புரட்டிக்கொண்டு சலசலவென்று ஓடி, ஒவ்வொரு குச்சியின் காலிலும் சுழித்தது.

நூரியா ஏடனிலிருந்து போன் செய்தாள். "பூ எப்படி வருது சம்பந்தி?"

"ஆஹா! பார்க்கக் கண்ணு பத்தாது."

அஃப்ரா பக்கத்தில் நின்று குச்சிக் கொல்லையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "உம்மா, ஒரே ஒரு சரம் வந்தாக்கூடப் போதும் எனக்கு. நிஜமா."

"ஒரு சரமா? ஒரு சரத்துக்கா நான் இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன்? பேசாம இரு."

முதலில் கணுக்கள் வீங்கின. பிறகு அரிசி மணி அளவுக்குச் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. அப்புறம் செடிகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. காலையில் விரல்நீளம் இருந்தது சாயங்காலம் ஒரு சாணாகத் தெரிந்தது. வேன் சவாரி போகிற ஃபத்ல் வழியில் மூன்று முறை போன் செய்து, "இப்ப எவ்வளவு இருக்கு?" என்று கேட்டான். ஹவ்தா நிறுத்தத்தில் இருந்த டிரைவர்கள், அவன் இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கிறான் என்று கேலி செய்தார்கள்.

ஆனால் எல்லாம் இலை. டிசம்பர் முழுக்க இலை. பளபளக்கிற, கொழுத்த, ஒன்றுக்கும் உதவாத இலை. காயாத செடியாச்சே என்று கபூல் ஒவ்வொரு கிளையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவ்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆகாயத்தைப் பார்த்து, "இலையையே கோத்துப் போட்டா என்னவாம்? பச்சை மாலை, கண்ணுக்குக் குளுமை" என்றாள். கபூல் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வேலிக்கு மேலாக வீசினாள். அது யார் மேலும் படவில்லை.

புது வருடம் பிறந்த பிறகு ஒரு காலை. கபூல் தொழுதுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். பனி ஈரத்தில் ஒரு கிளையை விலக்கியபோது, இலைக் கூட்டுக்கு நடுவில் பச்சையாக மூன்று முள் மாதிரி எதுவோ கையில் தட்டியது. குனிந்து பார்த்தாள். முள் இல்லை. அடுத்த கிளையைத் திருப்பினாள். அங்கேயும். அதற்கடுத்த செடியில், அதற்கடுத்ததில், கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி.

அவள் போட்ட குலவையில் ஃபத்ல் சோப்பு நுரையோடு பாதித் தாடியுடன் ஓடிவந்தான்.

"மொட்டு! அஃப்ரா வாப்பா, மொட்டு!"

"எங்க? எங்க?"

"எங்க இல்லேன்னு கேளுங்க!"

அவன் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். நுரை வழிந்து மொட்டின் மேல் சொட்டப் பார்க்க, அவள் அவனுடைய முகத்தைத் தன் தலைத்துணி நுனியால் துடைத்தாள். சண்டைக்குப் பிறகு அவள் அவனைத் தொட்டது அப்போதுதான்.

அதன்பிறகு தூக்கம் ஏது? மொட்டு முந்திக்கொண்டால் கல்யாண நாளான வியாழனுக்கு முன்னாலேயே விரிந்து கொட்டிவிடும். பிந்தினால் பச்சையாகவே நிற்கும். வெயில் அடித்தால் கபூல், "மெதுவா, மெதுவா" என்று பதறுவாள். மேகம் வந்தால், "சீக்கிரம்" என்பாள். கல்யாண வாரத்தில் வடக்குக் காற்று கிளம்பியது. மண்ணை வாரி அடிக்கிற காற்று; ஒரு நாள் விட்டால் மொட்டெல்லாம் கருகிவிடும். ஃபத்ல் தன் கைலிகள் அத்தனையையும் கொண்டுவந்து கயிற்றில் கட்ட ஆரம்பித்தான். அஃப்ரா ஜன்னல் திரைகளை அவிழ்த்தாள். கபூல் கல்யாணத்துக்கு என்று வாங்கிய புதுப் படுக்கை விரிப்புகளையே எடுத்துவந்தாள். அப்படியும் வேலிப் பக்கம் ஒரு வரிசை திறந்து கிடந்தது. அவர்கள் கயிறு தேடிக்கொண்டிருக்கும்போதே, வேலிக்கு அந்தப் பக்கம் தவ்லாவின் வீட்டுக் கம்பளங்கள் ஒவ்வொன்றாக ஏறி வரிசையாகத் தொங்கின. காற்று இரண்டு நாள் ஊளையிட்டுவிட்டுப் போனது. கம்பளங்கள் மண் நிறமாகிவிட்டன. மொட்டுகள் உள்ளே பால் வைத்துப் பெருத்துக்கொண்டிருந்தன.

வியாழன் மதியம் கபூல் கொல்லைக்குள் நுழைந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

வெளுத்துவிட்டன. அத்தனையும். முத்து முத்தாக, விரலால் தொட்டால் 'டப்' என்று வாயைத் திறந்துவிடுகிற பதத்தில், பச்சையே தெரியாத அளவுக்கு வெள்ளை. சாயங்காலம் அவை விரியும். அதற்குள் பறித்துக் கோத்து ஏடன் போய்ச் சேர வேண்டும். அவளும் அஃப்ராவின் தோழிகள் இரண்டு பேரும் பறிக்கப் பறிக்க ஈரத்துணி விரித்த கூடைகள் நிரம்பின. கூடைகள் தீர்ந்து அண்டாக்கள் வந்தன. அண்டாவும் போதாமல் ஃபத்ல் வேன் சீட்டு மேலேயே ஈரச் சாக்கை விரித்தான்.

"இத்தனையையும் யாரு கோக்கிறது?" என்று கேட்டான்.

அதைத்தான் கபூலும் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளும் தோழிகளும் கோத்தால் ஞாயிற்றுக்கிழமை முடியும். அந்தத் தெருவிலேயே, ஏன், ஓடைக்கு இரு கரையிலுமே, பேசிக்கொண்டே ஊசியைப் பார்க்காமல் மற்றவர்கள் ஒரு சரம் கோக்கிற நேரத்தில் நான்கு சரம் கோக்கிற கை ஒன்றுதான் உண்டு.

அவள் முகத்தைக் கழுவினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு நடந்துபோய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தவ்லா கதவைத் திறந்தாள். கபூலைப் பார்த்ததும் மேலே ஆகாயத்தைத் தேடினாள், உத்தரம்தான் இருந்தது.

"என் மூஞ்சியில முழிச்சுட்டியே," என்றாள்.

"முழிச்சுட்டேன். இப்ப என்ன?"

"எதுக்கு?"

"பூ கோக்கணும். நிறைய இருக்கு."

"எவ்வளவு நிறைய?"

"வந்து பாரேன்டி."

"முதல்ல ஒண்ணு சொல்லு. உன் கொல்லைக்குக் கவாத்து செஞ்சது யாரு?"

கபூல் உதட்டை இறுக்கினாள். "உன் ஆடுங்க."

"அதுங்களுக்கு என்ன கூலி?"

"அடுத்த வருஷம் முழுக்கத் தழை. என் கையால வெட்டித் தர்றேன். போதுமா?"

"படலையும் திறந்து வைக்கணும்."

"தவ்லா!"

தவ்லா சிரித்துக்கொண்டே முதுகுப்பக்கமிருந்து கையை முன்னால் கொண்டுவந்தாள். ஊசி, நூல்கண்டு, கத்தரி, எல்லாம் ஏற்கெனவே தயாராக ஒரு பையில் இருந்தன. கல்யாணத்துக்கு உடுத்துகிற சல்லா உடையையும் அங்கிக்கு உள்ளே உடுத்தித்தான் நின்றாள். "காலையில இருந்து கதவுக்குப் பின்னாடியே உட்கார்ந்திருக்கேன்டி. நீ வர்றதுக்கு இவ்வளவு நேரமா? கால் மரத்துப்போச்சு."

வேன் கிளம்பும்போது தெருவில் பாதிப் பெண்கள் அதற்குள் இருந்தார்கள். மடிக்கு மடி மொட்டுகள், கைக்குக் கை ஊசி. நடுவில் மணப்பெண் அஃப்ரா, மருதாணிக் கையை எதிலும் படாமல் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி. தவ்லா கோத்துக்கொண்டே பாட்டைத் தூக்கிவிட்டாள். வேன் முழுக்க வாங்கிப் பாடியது. ஃபத்ல் ஹாரனால் தாளம் போட்டான்.

"ரோட்டைப் பாருங்க!" என்று கபூல் கத்தினாள்.

"பார்த்துட்டுதான் இருக்கேன். ரோடு எவ்வளவு அழகா இருக்கு இன்னிக்கு!"

பாதி வழியில் மொட்டுகள் விரிய ஆரம்பித்தன. கண்ணெதிரே, மடியிலேயே, ஒன்றன் பின் ஒன்றாக. வாசனை மூடிய கண்ணாடிகளுக்குள் ஏறி ஏறி மூச்சுமுட்டியது. "விரியுது, விரியுது, சீக்கிரம் கோங்கடி!" என்று ஆளுக்கு ஆள் அலறினார்கள். விரிந்துவிட்டால் ஊசியில் உதிரும். கைகள் பறந்தன. சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது, கண்ணாடியைத் தட்டிய சிப்பாய், ஃபத்ல் அதை இறக்கியதும் அந்த வாசனையில் ஒரு அடி பின்வாங்கினான்.

"என்ன கொண்டுபோறீங்க?"

"மணப்பெண்ணை!" என்று உள்ளேயிருந்து கூட்டமாகப் பதில் வந்தது.

"இந்த மாசத்துல ஏது பூ? எங்கே வாங்கினீங்க?"

"வாங்கலை. என் பொண்டாட்டி அதட்டினா, பூத்துடுச்சு," என்றான் ஃபத்ல்.

கபூல் ஒரு சரத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் குழலில் சுற்றிக்கொண்டு, போங்கள் என்று கையைக் காட்டினான்.

ஷேக் உஸ்மானில் மண்டபத்து வாசலில் அகில் புகையோடு நூரியா நின்றாள். கழுத்து நிறையப் பிளாஸ்டிக் மாலை, விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. வேனின் கதவு சறுக்கித் திறந்தது. முதலில் வந்தது வாசனைதான். வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். அப்புறம் அண்டாக்கள் இறங்கின. ஒன்று. இன்னொன்று. அதற்கப்புறமும்.

நூரியா அண்டாவுக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளினாள். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது.

"எப்படி?" என்றாள். "சம்பந்தி, எப்படிச் செஞ்சீங்க?"

கபூல் ஒரு மாதமாக இந்தக் கேள்விக்குப் பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். குத்தலான, கூர்மையான, வருடக்கணக்காகப் பேசப்படக்கூடிய ஒரு பதில். ஆனால் இப்போது நூரியாவின் கண் நனைந்திருப்பதைப் பார்த்ததும் அது மறந்துபோய்விட்டது.

"தலையைக் குனிங்க," என்றாள். நூரியா குனிந்தாள். கபூல் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றிவிட்டு முதல் சரத்தைச் சம்பந்தியின் தலையில் வைத்தாள். வாசலில் குலவை வெடித்தது.

அன்று அந்த மண்டபத்தில் பூ இல்லாத தலை இல்லை. சமையல்கட்டில் ஜுர்பியான் சோறு கிளறிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் காதோரம் செருகிக்கொண்டார்கள். அஃப்ராவை மேடையில் உட்கார்த்தியபோது, தாழம்பூ மடலை நடுவில் வைத்துத் தலையிலிருந்து இடுப்புவரை மல்லிகைச் சரங்களாகவே தொங்கின. சிரிக்கும்போது அவளோடு சேர்ந்து அவையும் குலுங்கின.

மாப்பிள்ளை வஜ்தி பெண்கள் பக்கத்துக்கு அழைத்துவரப்பட்டான். கப்பலில் புயலுக்கெல்லாம் பயப்படாதவன், இத்தனை பெண்களைப் பார்த்து வியர்த்து வழிந்தான். அஃப்ராவின் முகத்திரையை விலக்க அவன் குனிந்தபோது அவளுடைய மார்புச் சரம் ஒன்று அவன் கோட்டுப் பொத்தானில் வசமாக மாட்டிக்கொண்டது. நிமிரப் பார்த்தான்; முடியவில்லை. அவள் பின்னால் சாயப் பார்த்தாள். அவனும் கூடவே வந்தான். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நூலை வெட்டிடலாமா?" என்று கத்தரியோடு யாரோ வந்தார்கள்.

"வெட்டாதே!" என்று இரண்டு தாய்மார்களும் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேடையில் பாய்ந்து ஏறி, பொத்தானை விடுவிக்க ஒரே நேரத்தில் குனிந்தார்கள். நெற்றியும் நெற்றியும் 'டொக்' என்று முட்டிக்கொண்டன. ஆளுக்கொரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானைத் திருகிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து நின்றார்கள்.

"மெதுவா இழுங்க சம்பந்தி," என்றாள் கபூல், மூச்சு வாங்கிக்கொண்டே. "அவசரமே இல்ல."

முரசு அடிக்கிற பெண் யாரையும் கேட்கவில்லை. ஆட்டத்துக்கான அடியை ஆரம்பித்துவிட்டாள்.